ஜோதிக்குப் போட்ட ரோடு

என் வீட்டுக்காரி இருளம்மாள் வாயைத் திறந்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். இது எனக்குக் கல்யாணமான மறுநாளே தெரிந்துவிட்டது. அவள் வாயை மூடினால் ஊரே வாயை மூடிக்கொள்ளும் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் பதினாலு வருஷம் பிடித்தது. அதுவும் 1962-ல், எங்கள் வேப்பூரணிக்கு விளையாட்டு ஜோதி வந்தபோதுதான் தெரிந்தது.

முதலில் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பிற்பாடு நான் அளக்கிறேன் என்பீர்கள். ஆள் குள்ளம். படிப்பு கிடையாது, கைநாட்டு. பிறந்தது விருதுநகர். அங்கே மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக, மகள் பொன்னுத்தங்கம் பிறந்த வருஷம் நேர்ந்துகொண்டாள். அன்றிலிருந்து ஒரு வருஷம் விட்டதில்லை. கொழுந்துவிட்டு எரிகிற சட்டியை இரண்டு கையிலும் ஏந்தி, வேப்பிலையை மட்டும் நடுவில் கொடுத்து, ஊர் சுற்றி வருவாள். கையில் ஒரு கொப்புளம் நான் பார்த்ததில்லை. வீட்டில் தோசைக்கல் லேசாகப் பட்டாலே கையை உதறிக்கொண்டு நிற்பவளும் இதே இருளம்மாள்தான். அது எப்படி என்று கேட்டால், அது வேற நெருப்பு, இது வேற நெருப்பு என்பாள். இப்படிப் பதில் சொல்கிறவளோடு என்ன பேச முடியும்?

எனக்கு நாலு ஏக்கர் கரிசல், ஒரு ஜோடி மாடு, ஒரு வண்டி. காட்டு வேலை இல்லாத நாளில் காளிராஜ் முதலாளியின் பட்டாசுக் கம்பெனியிலிருந்து பெட்டி லோடு ஏற்றிச் சிவகாசி ஸ்டேஷனில் இறக்குவேன். எங்கள் ஊரிலிருந்து சிவகாசி ரோட்டை எட்ட இரண்டு மைல் வண்டிப் பாதை. கம்பெனி அதன் நடுவில் இருந்தது. அதைப் பாதை என்று சொன்னதே எங்கள் பெருந்தன்மை. மழை பெய்தால் அச்சு வரைக்கும் சேறு. வெயில் அடித்தால் மாட்டுக் குளம்பு நுழைகிற அளவுக்கு வெடிப்பு.

அந்தப் பாதையில் ஒரு சட்டம் உண்டு. கம்பெனிக்கு இந்தப் பக்கம் புளியமரத்திலிருந்து அந்தப் பக்கம் வளைவு வரைக்கும், அரை மைலுக்கு நெருப்பு போகக்கூடாது. பீடி குடிக்கிறவன் புளியமரத்தடியில் அணைத்துவிட்டுத்தான் நடப்பான். அரிக்கேன் விளக்கு கிடையாது. யாராவது செத்துப்போனால் பாடை நேர் பாதையில் போகும், கொள்ளிச்சட்டி மட்டும் ஓடைப் பாதையில் சுற்றிக்கொண்டு போகும். எங்கள் ஊரில் செத்தவரும் அவருடைய நெருப்பும் சுடுகாட்டில்தான் சந்தித்துக்கொள்வார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். கம்பெனியில் எங்கள் ஊர்ச் சனம் நூறு பேர் வேலை பார்த்தது, எங்களுக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அந்த வருஷம் பொன்னுத்தங்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்தாள். முதல் மார்க். ஆறாம் வகுப்புக்குச் சிவகாசிதான் போக வேண்டும், மொத்தம் ஐந்து மைல். பொட்டப்பிள்ளை அந்தப் பாதையில் தனியாகப் போய்வர நான் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இருளம்மாள் ஒரு வாரம் சண்டை பிடித்தாள். சாப்பாடு வைக்கும்போது சட்டி சத்தம், வைத்த பிறகு வாய்ச் சத்தம். சத்தம் தாங்காமல் ஒருநாள், பஸ் வரட்டும், அனுப்புகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். பஸ் முதலாளி சுந்தரபாண்டி, தார் ரோடு போட்ட மறுநாளே வண்டி விடுகிறேன் என்று சொல்லி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆறு வருஷமும் யூனியன் ஆபீசில் எங்கள் மனு கிடப்பில் கிடந்தது. அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன்.

அப்புறம் ஒரு டிரில் மாஸ்டர் வந்தார். பெயர் சங்கரபாண்டியன், திருநெல்வேலிப் பக்கம். விருதுநகரில் வைகாசி மாதம் தென்மாவட்ட விளையாட்டு விழா நடக்கப்போகிறது, அதற்குக் கன்னியாகுமரியில் ஒரு ஜோதியை ஏற்றி, ஆள் மாற்றி ஆள் ஓடியே கொண்டுவரப் போகிறார்கள், அதற்கு வழி பார்க்க வந்திருக்கிறேன் என்றார். ஜோதி சாத்தூரிலிருந்து நேராக விருதுநகர் போவதாகத்தான் இருந்ததாம். விழாவுக்கு நன்கொடை கொடுத்த சிவகாசி வியாபாரிகள், எங்க ஊரைத் தொடாமல் எப்படிப் போகும் என்று மல்லுக்கு நின்றதால் வழி மாறியிருக்கிறது. மெயின் ரோட்டில் பாலத்தை உடைத்துப் போட்டிருந்தார்கள். மாற்றுப் பாதை தேடிச் சைக்கிளில் அலைந்தவருக்கு எங்கள் ஊர் ஊரணிக்கரையில் டயர் பஞ்சர்.

இருளம்மாள் அவருக்கு ஒரு செம்பு மோர் கொடுத்தாள். இரண்டாவது செம்பு கொடுக்கும்போது, ஜோதி எங்கள் ஊர் வழியாகவே வரட்டும், வாசலுக்கு வாசல் தண்ணீரும் மோரும் வைக்கிறோம் என்றாள். மனுஷனுக்கு மோர் நன்றாக வேலை செய்தது. ஆனால் ரோடு இப்படி இருக்கிறதே, ஜோதிக்குப் பின்னால் பெரிய அதிகாரிகளின் கார் வருமே என்று யோசித்தார். யோசித்துவிட்டு அவரே, ஜோதி போகிற வழியென்றால் யூனியனில் உடனே தார் போட்டுக் கொடுப்பார்கள் என்றார். நான் கம்பெனி விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். இருளம்மாள் என் காலை ஓங்கி மிதித்தாள். சுண்டுவிரல் நகம் கறுத்துப்போய் ஆடி மாதம்தான் விழுந்தது.

அவர் போன பிறகு அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏ புள்ள, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? கம்பெனி வாசல்ல நெருப்பு போவுமா?"

"போவாது. போவவும் விடமாட்டேன்."

"அப்ப அந்த மனுசன்கிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லுவம். தார் டின்னு காலியாகட்டும், சொல்லுவம். இப்பச் சொன்னா ரோடு வேற ஊருக்குப் போயிரும். நீங்க பேசாம இருங்க."

நாற்பது நாள். சரளை வந்தது, கல் வந்தது, ரோலர் வந்தது. தார் காய்ச்சுகிற அடுப்பு மட்டும் ஊரணிக்கரையை விட்டு நகராமல் இருளம்மாள் பார்த்துக்கொண்டாள். ரோலரைப் பார்க்க அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் சோறு கட்டிக்கொண்டு வந்தது. ஜோதி வருகிறது என்று யூனியனிலிருந்து சுண்ணாம்பு கொடுத்தார்கள், வீட்டுக்கு வீடு அடித்தோம். மிச்ச சுண்ணாம்பை என் மாட்டுக் கொம்புக்கு அடித்தேன். ஊரணிக்கரைக் குப்பை மேடு காணாமல் போனது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்கப் பழகின. சிவகாசி அச்சாபீஸிலிருந்து மூன்று கலரில் நோட்டீஸ் வந்தது. அதில் எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது. நாட்டாமை அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

நான் மட்டும் ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஓவர்சியர் தினமும் வருகிறார், டிரில் மாஸ்டர் வாரம் ஒருமுறை வருகிறார். கம்பெனி வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள், ஜோதி என்றால் நெருப்பு என்பது மட்டும் இருவருக்கும் தோன்றவில்லை. ஊரில் யாராவது ஒருவன், கம்பெனி முன்னால் தீயைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா ஐயா என்று கேட்டால் கதை முடிந்தது. ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைத்தாயிடம் ஒரு சங்கதி சொன்னால் உலை கொதிக்கிறதற்குள் தாயில்பட்டி போய்ச் சேரும். அவளே வாயைத் திறக்கவில்லை. ரோடு மேல் எல்லோருக்கும் இவ்வளவு ஆசையா என்று நினைத்துக்கொண்டேன்.

பயமெல்லாம் கோட்டைச்சாமியைப் பற்றித்தான். கம்பெனி வாட்ச்மேன். உள்ளே போகிற ஒவ்வொருவர் மடியையும் பையையும் தடவிப் பார்த்துத் தீப்பெட்டியைப் பிடுங்கி வைக்கிறவர். முதலாளி வீட்டு மாப்பிள்ளையிடமே சிகரெட் லைட்டரைப் பறித்தவர். முதலாளி ஆர்டர் பிடிக்க வடக்கே போயிருந்தார், அவருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டாலே போதும். இருளம்மாளுக்கு அவர் அண்ணன் முறை. அவள் நேராகக் கம்பெனி வாசலுக்குப் போய், உங்கள் வாசலுக்கு நெருப்பு வராது, அது என் பொறுப்பு, அதுவரைக்கும் நீங்கள் கார்டு எழுதக்கூடாது என்றாளாம். நெருப்பு வராவிட்டால் எனக்கு எழுத என்ன இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். ஆனால் வந்தால் அந்த ஜோதி மேல் தண்ணீர் வாளியைக் கவிழ்ப்பேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

கடைசித் தார் டின் ஜோதி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் காலியானது. மறுநாள் காலை ஏழு மணிக்கு டிரில் மாஸ்டரும் ஓவர்சியரும் கஞ்சிபோட்ட சட்டையில் வந்து இறங்கினார்கள். ஜோதி ஒன்பது மணிக்கு. இருளம்மாள் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, கையில் மண்சட்டியோடு அவர்கள் முன்னால் போய் நின்று விஷயத்தைச் சொன்னாள். ஓவர்சியர் முகத்தில் ஈயாடவில்லை. வெடிமருந்து மூட்டை இருக்கிற கம்பெனி வாசல் வழியாக நெருப்புக்கு ரோடு போட்டுக் கையெழுத்தும் போட்டவர் அவர்தான். டிரில் மாஸ்டர் குதித்தார். கன்னியாகுமரியிலிருந்து ஒரு தடவைகூட அணையாமல் வந்த ஜோதி என்றார், இது ஊரா, மோசடிக் கும்பலா என்றார். கடைசியில், இன்றைக்கு ஜோதிக்கு ஏதாவது ஆனால் இந்த ஊரைப் பற்றி ரிப்போர்ட் எழுதுவேன், பஸ்ஸும் வராது, ஒரு மண்ணும் வராது என்றார். அதைக் கேட்டதும்தான் இருளம்மாள் முகம் மாறியது.

ஆனாலும் அசரவில்லை. வெறும் தீவட்டியோடு ஓட்டக்காரர் புது ரோட்டில் ஓடட்டும், நெருப்பைச் சட்டியில் வாங்கி ஓடைப் பாதையில் நான் கொண்டுவருகிறேன், வளைவில் திரும்ப ஏற்றிக்கொள்ளுங்கள் என்றாள். பொம்பளை பேர் லிஸ்டில் இல்லை என்றார் டிரில் மாஸ்டர்.

"எந்த லிஸ்ட்ல சார் பட்டாசுக் கம்பெனி வாசல்ல தீ போவலாம்னு இருக்கு?" என்று கேட்டாள்.

மனுஷன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பிப் போக வேறு வழியும் இல்லை, மெயின் ரோட்டில் பாலம் இன்னும் உடைந்துதான் கிடந்தது.

ஒன்பது மணிக்கு ஜோதி வந்தது. ஓடிவந்தது பெத்தணன், சிவகாசி அச்சாபீஸில் வேலை பார்க்கிற வாலிபன், நல்ல ஓட்டக்காரன். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நெருப்பைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தால் ஒன்றே ஒன்றுதான் தெரியும். குலவை போட்டார்கள். ஆளுக்கு ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவன் காலில் ஊற்றினார்கள். அவன் மிரண்டு போனான். புளியமரத்தடியில் இருளம்மாள் சட்டியை நீட்ட, தீவட்டியைச் சாய்த்தான். சட்டிக்குள் இருந்த வேலங்கட்டை பற்றிக்கொண்டது. இனி தீவட்டியை அணைக்க வேண்டும். யார் அணைப்பது? டிரில் மாஸ்டர் தன் கையால் அணைக்க மாட்டேன் என்றார், ஓவர்சியர் பின்வாங்கினார், பெத்தணன் அழுகிற மாதிரி நின்றான். அந்த நேரம் பார்த்து வெள்ளைத்தாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். தாமதமாகிவிட்ட பதற்றம், கண்ணும் சரியாகத் தெரியாது. காலில் ஊற்ற வேண்டியதைத் தலையில் ஊற்றினாள். தீவட்டி புஸ்ஸென்று போனது. எல்லோருக்கும் நிம்மதி.

இப்போது கன்னியாகுமரி நெருப்பு என் பெண்டாட்டி கையில் மட்டும்தான் இருந்தது. எண்ணெய்ப் போத்தலோடு நான் பின்னால் போனேன். பெத்தணன் புது ரோட்டில் பறந்துவிட்டான், டிரில் மாஸ்டர் சைக்கிளில் கூடப் போனார், அதிகாரிகளின் கார்களும் பின்னாலேயே போயின. இருளம்மாள் மட்டும் அம்மன் சட்டி எடுத்தால் எப்படி நடப்பாளோ அதே நடை. கொஞ்சம் வேகமாகப் போ என்றேன். சட்டி எடுத்தவள் ஓடக்கூடாது என்றாள். வைகாசி மேல்காற்று ஓடைக்கரை உடைப்பில் சீறிக்கொண்டு வந்தது. தீ படுத்துவிட்டது. எண்ணெய் ஊற்றப் பாய்ந்தேன். நான் பாய்ந்த லட்சணத்தில் கால் இடறி, போத்தல் பாறையில் விழுந்து உடைந்தது. சட்டியில் வெறும் கங்கு.

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. காற்றுக்கு முதுகைக் கொடுத்து அப்படியே மண்டிபோட்டு உட்கார்ந்தாள். நான் ஊதக் குனிந்தேன்.

"ஊதாதீக. எச்சி படும். போயி பருத்திமார் பிடுங்கிட்டு வாங்க, காஞ்சதா."

அவள் குரல் நடுங்கியது.  இத்தனை நாளாகப் பிள்ளையின் படிப்பு அவளுடைய பிடிவாதம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நிமிஷம் அது என்னுடையதாகவும் ஆகிவிட்டது. பக்கத்துப் புஞ்சைக்குள் ஓடி, கை கிழியப் பருத்திமார் ஒடித்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு குச்சியாகக் கங்கின் மேல் சாய்த்து வைத்தாள். புகைந்தது. ரொம்ப நேரம் புகைந்தது. அப்புறம் ஓரத்தில் ஒன்று பற்றியது. சட்டியை ஏந்திக்கொண்டு எழுந்தாள்.

இதற்குள் ரோட்டில் என்ன நடந்தது என்று பொன்னுத்தங்கம் பிறகு சொன்னாள். அவள் வளைவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு நின்றிருந்தாள். கம்பெனி வாசலில் கோட்டைச்சாமி ஓட்டக்காரனை நிறுத்தி, தீவட்டியைத் தொட்டுச் சூடு பார்த்து, அவன் பையைத் தடவியிருக்கிறார். ஒன்றும் இல்லை. அதோடு விடாமல் டிரில் மாஸ்டர் சட்டைப்பையையும் தடவினார். ஒரு தீப்பெட்டி வந்தது, பாதி காலி. பிடுங்கிய சாமானை எல்லை தாண்டியதும் திருப்பிக் கொடுத்துவிடுவது அவர் வழக்கம். அதனால் வளைவு வரைக்கும் கூடவே நடந்து வந்து, அத்தனை அதிகாரிகள் முன்னால், மாலையோடு நின்ற பஸ் முதலாளி சுந்தரபாண்டி முன்னால், அதை நீட்டினார்.

"இந்தாங்க சார் ஒங்க தீப்பெட்டி. எல்லை தாண்டியாச்சு, வச்சுக்கோங்க."

எல்லோரும் தீப்பெட்டியைப் பார்த்தார்கள், ஈரத் தீவட்டியைப் பார்த்தார்கள். ஓடைப் பாதையில் எங்களைக் காணோம். நேரம் ஓடியது. சுந்தரபாண்டி மெதுவாக, கொளுத்திவிடுங்கள் சார், விருதுநகரில் யாருக்குத் தெரியப்போகிறது என்றாராம். டிரில் மாஸ்டர் ஒரு குச்சியை உருவிக் கையில் பிடித்துவிட்டார். அப்போது என் மகள் வரிசையிலிருந்து விலகி முன்னால் போயிருக்கிறாள்.

"எங்கம்மா கொண்டு வாராக சார். கொஞ்சம் பொறுங்க."

அவர் அவளையே பார்த்துவிட்டு, குச்சியைப் பெட்டிக்குள் திரும்பச் செருகினார். நாங்கள் கரை ஏறி வந்தபோது அத்தனை கூட்டமும் ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. இருளம்மாள் கையில் சட்டி கொழுந்துவிட்டு எரிந்தது. தீவட்டியின் ஈரத் துணியை மாற்றி எண்ணெயில் நனைத்து வைத்திருந்தார்கள். சட்டியைச் சாய்த்து ஏற்றினாள். பெத்தணன் சிவகாசியைப் பார்க்க ஓடினான், கார்கள் பின்னால் போயின. டிரில் மாஸ்டர் மட்டும் சைக்கிளோடு தங்கி, அவள் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்:

"கயத்தாறுல ஒரு தடவ அணைஞ்சிச்சும்மா. சாத்தூர்ல ரெண்டு தடவ. நான்தான் கொளுத்தினேன். ஒங்க கையில வந்த அரை மைலுதான் அணையாம வந்தது."

நான் உடைத்த போத்தலைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. ரிப்போர்ட்டில் அவர் என்ன எழுதினாரோ தெரியாது. சுந்தரபாண்டி அன்று சாயங்காலமே ஆள் அனுப்பி, பள்ளிக்கூடம் திறக்கிற திங்கட்கிழமையிலிருந்து பஸ் வரும் என்று சொல்லிவிட்டார். இருளம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான், ஆனாலும் பயந்துபோனேன், அவள் அழுது அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை பொன்னுத்தங்கத்தின் பையை நானே தூக்கிக்கொண்டு ஊரணிக்கரைக்குப் போனேன். பஸ்ஸில் போய்ப் படிக்கப்போகிற முதல் பொட்டப்பிள்ளை என் மகள்தான் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. போய்ப் பார்த்தால் அங்கே ஏற்கெனவே ஆறு பொட்டப்பிள்ளைகள் பையோடு நிற்கின்றன. எண்ணெய் தேய்த்து, இறுக்கிப் பின்னி, புதுப் பாவாடையில். வெள்ளைத்தாயின் மகள் நின்றாள். கோட்டைச்சாமியின் இரண்டாவது மகளும் நின்றாள். பின்னால் அவர்களுடைய அப்பன்மார்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் நின்ற நிலையைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்து, கோட்டைச்சாமியை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பஸ்ஸு வந்தா அனுப்புறேன்னு ஒரு பேச்சுக்குச் சொல்லி வச்சேன் மாப்ளே" என்றார். "அத வச்சே எம் பொண்டாட்டி பிடிச்சிட்டா."

ஆறு வீட்டிலும் அதே பேச்சு. நாற்பது நாள் ஊர் வாயை மூடிக்கொண்டிருந்தது எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெட்கமாக இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. பெண்கள் அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி பிள்ளைகளுக்குப் பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். பஸ் வந்து நின்றதும் கண்டக்டர் எட்டிப் பார்த்து, சிவகாசிக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இருளம்மாள் என்னைப் பார்த்தாள். ஏழு என்று நான்தான் சொன்னேன்.